லோடு அண்ணன்

மலையகத்தில் எந்தப் பாட்டுக் குரூப்பை எடுத்துக்கொண்டாலும் ஒரு கீபோர்ட், ஒரு ஒக்டோபேட், ரெண்டு கிட்டார், ஒரு பாடகர், ஒரு பாட்டுக்காரப் பிள்ளை, அந்தப் பிள்ளைக்குத் துணையாக வரும் அம்மா என்று ஒரு கணக்கு இருக்கும். இந்தக் கணக்கில் வராத ஓர் ஆளும் இருப்பார். வாசிக்கத் தெரியாது, பாட வராது, மேடைப் பக்கமே போகமாட்டார். திருவிழா நோட்டீஸில் அவர் பெயர் இருக்காது. ஆனால் அவர் வராத அன்றைக்குக் கச்சேரியும் இருக்காது. அவர்தான் லோடு அண்ணன்.

டிக்கோயாவில் ஒருத்தர், லிந்துலையில் ஒருத்தர், கந்தப்பொளையில் ஒருத்தர் என்று நான் பார்த்த எல்லாருமே ஒரே அச்சு. நாற்பதைத் தாண்டிய வயது. பகலில் ஹார்ட்வெயார் கடையிலோ கொழுந்து லொறியிலோ வேலை. தோளில் நைலோன் கயிற்றுச் சுருள். சட்டைப் பையில் டிரைவர்மார் நம்பர் மட்டும் எழுதிய சின்னக் கொப்பி. போன் செத்தாலும் கொப்பி சாகாது என்பது அவர் கட்சி. எந்த வண்டியைப் பார்த்தாலும் மனதுக்குள் அளக்க ஆரம்பித்துவிடுவார். மையத்து வண்டி போனால்கூடத் தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டு, "நல்ல நீளம், பேஸ் பொக்ஸ் நாலு வைக்கலாம்" என்பார்.

கோயில் கமிட்டிக்காரர்கள் அட்வான்ஸ் கொடுக்க வரும்போது மற்றவர்கள் என்னென்ன பாட்டு என்று பேசிக்கொண்டிருப்பார்கள். இவருக்கு அதெல்லாம் வேண்டாம்.

"தலைவரே, கோயில் வாசலுக்கு வண்டி வருமா?"

"வரும் வரும், ட்ராக்டரே வருதே."

"ட்ராக்டர் வர்ற எடத்துக்கு வேன் வராது தலைவரே. கொழுந்து லொறி?"

"மடுவம் வரைக்கும் வரும்."

"மடுவத்துலருந்து எத்தன படி?"

தலைவர் வானத்தைப் பார்ப்பார். தன் தோட்டத்துப் படிகளை எண்ணிவைத்திருக்கும் தலைவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. "என்னா, ஒரு இருவது இருக்கும்" என்பார். லோடு அண்ணன் கொப்பியில் அறுபது என்று எழுதிக்கொள்வார்.

அந்தக் காலத்தில் இந்தத் தொல்லையெல்லாம் கிடையாது. பெரட்டுக்கு அடித்த தப்பு, காமன் கூத்துக்கு அடித்த தப்பு, எல்லாம் ஆளின் தோளிலேயே மலை ஏறி இறங்கின. தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சியம்மை 1930களிலும் 40களிலும் தோட்டத்து ஆட்களின் கூட்டங்களில் பாடினார். கொண்டுபோக வேண்டிய சாமான் அவருடைய தொண்டை ஒன்றுதான். இதை லோடு அண்ணனிடம் சொன்னால் பெருமூச்சு விடுவார். "அந்தம்மாவுக்கு நான் இலவசமாவே லோடிங் செஞ்சிருப்பேன் தம்பி."

பிறகு ஹோர்ன் வந்தது, பொக்ஸ் வந்தது, மிக்சர் வந்தது, தோட்டத்துக் கரண்டை நம்ப முடியாததால் ஜெனரேட்டரும் வந்தது. தொண்டையின் எடை கூடவில்லை, சாமானின் எடை டன் கணக்கில் கூடிவிட்டது.

கோச்சியில் கொண்டுபோகலாமே என்று வெளியாட்கள் கேட்பதுண்டு. 1884இல் ஹட்டனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் வந்துவிட்ட கோச்சிதான். ஆனால் அது தேயிலைக்காகவும் தொரைமாருக்காகவும் வந்தது, பேஸ் பொக்ஸுக்காக அல்ல. லோடு அண்ணன் கணக்கு எளிது: "ஹட்டன்ல ஏத்திறலாம், சிங்கமலை சுரங்கத்தையும் தாண்டிறலாம். கொட்டகலையில கோச்சி நிக்கிற நேரத்துக்கு ஒரு பொக்ஸ்தான் எறங்கும். அடுத்தது தலவாக்கலையிலதான்." 1940களில் மூடப்பட்ட நானுஓயா–ராகலை சின்னக் கோச்சிப் பாதைக்காக மட்டும் அவருக்கு மனத்தாங்கல் உண்டு. அது கந்தப்பொளை வழியாகப் போனது. பார்த்தவரல்ல, அவருடைய அப்பாவே அப்போது கைப்பிள்ளை. இருந்தாலும் அதைத் தூக்கியவனை இன்றைக்கும் திட்டுவார்.

ஆகவே ரோட்டுதான். ரோட்டில் முதல் மரியாதை டொல்பின் வேனுக்கு. சீட்டைக் கழற்றினால் சாமான், மாட்டினால் ஆள். வசதி இல்லாத குரூப்புக்கு டிமோ பட்டா. அதில் சாமான் போகும், ஆட்கள் பஸ்ஸில் போய் முன்கூட்டியே காத்திருப்பார்கள். எதுவும் கிடைக்காத நாளில் மரக்கறி லொறி. நுவரெலியாவிலிருந்து பின்நேரம் பேலியகொடைக்குப் புறப்படும் லொறியில் லீக்ஸ் மூட்டைக்கும் கரட் மூட்டைக்கும் மேலே பொக்ஸ், பொக்ஸுக்கு மேலே ஒக்டோபேட்காரப் பையன். தலவாக்கலையில் இறங்கிக்கொள்ளலாம், கூலி பாதிதான். திரும்பிவரும் லொறி மறுநாள் பகல்தான் வரும் என்பதை லோடு அண்ணன் கச்சேரி முடிந்த பிறகே சொல்வார். ஒரு குரூப்பே கோயில் மண்டபத்தில் படுத்து, மத்தியானம் பூசைச் சோறு சாப்பிட்டுவிட்டு, லீக்ஸ் வாசனையோடு வீடு திரும்பும்.

தை பிறந்தால் தோட்டத்துத் திருவிழாக்களும் வரிசையாகத் தொடங்கிவிடும். அதே மாதங்களில்தான் சிவனொளிபாதமலை சீசனும். மார்கழிப் போயாவிலிருந்து வெசாக் போயா வரைக்கும் ஹட்டன் பக்கத்து வேன் பாதி மலையடிவாரத்து நல்லதண்ணிக்கு ஓடிக்கொண்டிருக்கும். புத்தருக்கும் மாரியம்மனுக்கும் நடுவில் வண்டிக்காக நிற்பவர் இவர். "அண்ணே, சாமி காரியம்" என்று டிரைவரிடம் கெஞ்சுவார். "அங்கயும் சாமி காரியந்தான், ஆனா அவங்க டொலர்ல தர்றாங்க" என்று டிரைவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச ஏதுமில்லை.

இவருடைய பொற்காலம் எதுவென்று கேட்டால் யாரும் எதிர்பாராத பதில் வரும்: 2022. நாடே எண்ணெய் வரிசையில் நின்ற வருசம். எண்ணெய்ப் பங்கீட்டுக்குக் கியூஆர் வந்தபோது வேனுக்கு வாரம் 20 லீட்டர். மற்ற குரூப்பெல்லாம் படுத்துவிட்டது. லோடு அண்ணன் மச்சான் வேன், சித்தப்பா வேன், ஓடாமல் செங்கல் மேல் நின்ற ஒரு பழைய வேன், மூன்றின் கியூஆரையும் பிரிண்ட் எடுத்து லெமினேட் பண்ணி, சாமி படம் போல வீட்டில் மாட்டிவைத்திருந்தார். ஓடாத வேனுக்கு எப்படி எண்ணெய் அடித்தார் என்பதை இன்றுவரை சொல்லவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

ஏத்துகிற நேரத்தில் அவரைப் பார்க்க வேண்டும். முதலில் பேஸ் பொக்ஸ் ரெண்டும் சாரதி சீட்டோடு முதுகு ஒட்டி. அதற்கு நடுவில் அம்ப். பெரிய ட்ரம்முக்குள் சின்ன ட்ரம், அதற்குள் மைக், மைக்கைச் சுற்றிப் பாடகரின் கோட். மிச்சமிருக்கிற இடுக்கில் ரொட்டிப் பார்சலும் கட்ட சம்பலும். மழை வந்தால் கீபோர்டுக்குக் கம்பளி, மிக்சருக்கு அவர் சம்சாரம் மலையில் கட்டுகிற படங்கு. "நாளைக்கு வேலைக்கி என்னாத்த கட்றது?" என்று வீட்டில் சத்தம் கேட்கும்போது வண்டி ரெண்டு வளைவு தாண்டியிருக்கும்.

ஆட்களை ஏற்றுவதுதான் கஷ்டம். முன் சீட்டுக்குப் பாடகரும் கீபோர்ட்காரரும் அடித்துக்கொள்வார்கள். குளிர் காத்து தொண்டைக்கு ஆகாது என்பார் ஒருவர், விரல் விறைச்சிரும் என்பார் மற்றவர். லோடு அண்ணன் பாட்டுக்காரப் பிள்ளையின் அம்மாவைக் கொண்டுபோய் அங்கே உட்காரவைத்துவிடுவார். அந்த அம்மாவுக்கு மேல் அப்பீல் இல்லை. ஒக்டோபேட்காரனுக்குக் கடைசிக் கதவோரம். ஏற்றத்தில் வண்டி திணறினால் குதித்து டயருக்குக் கட்டை போடுவது அவன் பொறுப்பு. தாளம் தப்பினாலும் மன்னிப்பு உண்டு, கட்டை தப்பினால் கிடையாது.

தோட்டத்துக்குப் போய்ச் சேரும்போது மணி எட்டரை. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2007இல் உச்ச நீதிமன்றம் சொன்ன விசயம் பொலிஸுக்கும் தெரியும், கமிட்டிக்கும் தெரியும், அம்மனுக்கு மட்டும் தெரியாது. லயத்துப் பையன்கள் எல்லாரும் ஓடிவருவார்கள். ஆளுக்கொரு சாமானைத் தலையில் வைத்து அந்த இருபது படியையும் (எண்ணினேன், எழுபத்தி நாலு) ஏறிவிடுவார்கள். ஒருத்தன் ஒரே ஒரு மைக்கைத் தூக்கிக்கொண்டு, நாலு பேர் வழிவிடச் சொல்லிக் கத்தியபடி முன்னால் ஓட, ஊர்வலமாகப் போவான்.

கச்சேரி நடக்கும்போது எல்லாரும் மேடையைப் பார்ப்பார்கள். லோடு அண்ணன் டிரைவரைப் பார்ப்பார். யாராவது அன்பு மிகுந்து, "அண்ணே, குளிருக்கு ஒரு சின்னது" என்று டிரைவரை லயத்துக்குப் பின்னால் கூப்பிடக்கூடும். அதனால் அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, ப்ளேன்டீயாக ஊற்றிக்கொண்டிருப்பார். ஒரு பாட்டும் அவர் காதில் விழாது. எப்படி அண்ணே இருந்தது நிகழ்ச்சி என்று கேட்டால், "நல்லா இருந்துச்சி, ஒரு வாயும் குடிக்கல" என்பார்.

பாட்டு முடிந்ததும் வந்த கூட்டம் மாயமாகிவிடும். "எறக்க ஊரே வரும், ஏத்த நாயும் வராது" என்பது அவர் வாயில் அடிக்கடி வரும் வாசகம். பனிமூட்டத்துக்குள் அம்பைத் தோளில் வைத்துக்கொண்டு அவரும் ஒக்டோபேட்காரனும் இறங்குவார்கள். கீபோர்ட்காரர் கீபோர்டை மட்டும் தூக்குவார். பாடகர் கோட்டைத் தேடுவார்.

லிந்துலைக்காரர் கல்யாணம் கட்டியது ஒரு லொறிக்காரரின் மகளை. பெண் பார்க்கப் போன அன்றைக்கு, வீட்டுக்குள் நுழையும் முன்பே வாசலில் நின்ற ஐசுசு லொறியைச் சுற்றிவந்து டயரைத் தட்டிப் பார்த்தார் என்று குரூப் பையன்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். அவரிடமே கேட்டேன். முகம் சுருங்கிவிட்டது.

"சும்மா கத கட்றானுங்க தம்பி. டயர யாரு பாத்தா? பின்னால பெட்டியோட அகலத்தத்தான் பாத்தேன்."