கோடைக் கிணத்துக் கணக்கு

மாப்ளே, நீ அனுப்பின அட்டவணையை உன் அத்தைகிட்டதான் முதல்ல காட்டினேன். மேலயும் கீழயும் பாத்துட்டு, "கல்யாணச் சமையல் லிஸ்டா?"ன்னு கேட்டா. நாவல் எழுதுறதுக்குன்னு சொன்னேன். "சரி, அடுப்பு பத்தவச்சாச்சா?"ன்னா. எனக்குப் பதில் தெரியல. வெத்தலையை மடிச்சு வாயில போட்டுக்கிட்டேன்.

அட்டவணையில நான் என்ன குறை கண்டேன்! பச்சைக் கட்டம், மஞ்சக் கட்டம், ஒரு நாளைக்கு 2,000 வார்த்தை, 50 நாள், ஆக மொத்தம் ஒரு லட்சம். நவம்பர் 10-ல விதைப்பு, டிசம்பர் 29-ல அறுப்பு, ஜனவரியில சென்னைப் புத்தகக் காட்சியில யாவாரம். இங்க ஒரு பம்புசெட் மோட்டாரைக் காயில் கட்டி வாங்கவே பதினஞ்சு நாள் ஆகுது. உனக்கு ஒரு வாரத்துல அச்சடிச்சு, அட்டை போட்டு, கட்டுக்கட்டாக் கொண்டாந்து இறக்கிருவாங்க போல. பட்டணம்னா பட்டணந்தான்.

முதல் வார வசூலையும் அனுப்பியிருந்தே. முதல் நாள் 2,300. அதை ஸ்டேட்டஸ்ல போட்டதை நானும் பாத்தேன். ரெண்டாம் நாள் 900, மூணாம் நாள் 140. அப்புறம் ரெண்டு நாள் சுழி. ஆறாம் நாள் 60, ஏழாம் நாள் மறுபடி சுழி. கூட்டினா 3,400. உடனே மீதி 96,600-ஐ மீதி 43 நாளுக்குப் பங்கு போட்டு, இனிமே நாளைக்கு 2,247-ன்னு திருத்தி வச்சிருக்கே. 2,000 எழுத முடியாதவன் 2,247 எழுதுவான்னு உனக்கு எந்த வாத்தியார்டே கணக்குச் சொல்லிக்குடுத்தாரு? கந்துவட்டிக்காரன்கூட இப்படி நெருக்கமாட்டான்.

ஹெமிங்வேன்னு ஒரு எழுத்தாளர் தினமும் எழுதின வார்த்தைக் கணக்கை அட்டையில குறிச்சு வச்சிருந்தாரு. 450, 575, 462, நடுவுல ஒரு நாள் 1,250, அப்புறம் 512. அந்த 1,250 எதுக்குத் தெரியுமா? மறுநாள் மீன் பிடிக்கப் போகணும், மனசு உறுத்தக்கூடாதுன்னு முன்கூட்டியே கட்டின பணம் அது. நீ போன வாரக் கடனை அடுத்த வாரத் தலையில ஏத்துதே. எழுதாம விட்ட நாள் போனது போனதுதான். நேத்துப் பட்டினி கிடந்தவன் இன்னைக்கு ரெண்டு நாள் சோத்தை ஒண்ணாத் தின்னா வயிறு என்ன சொல்லும்?

இந்த யோசனை உனக்கு எங்கிருந்து வந்துச்சுன்னும் தெரியும். அமெரிக்காவுல சான் ஃபிரான்சிஸ்கோவுல 1999-ல 21 பேர் சேர்ந்து, ஒரு மாசத்துல 50,000 வார்த்தையில நாவல் எழுதணும்னு ஆரம்பிச்சாங்க. முதல் வருஷம் ஜூலை மாசம். வெளிய தலைகாட்ட முடியாத பருவமாப் பாத்து அடுத்த வருஷம் நவம்பருக்கு மாத்திக்கிட்டாங்க. அவங்களுக்கு அது வீட்டுக்குள்ள முடங்குற மாசம். நமக்கு? ஐப்பசி கார்த்திகைடே, கல்யாண மாசம்! போன வாரத்துல உனக்குச் சேந்தாப்ல விழுந்த ரெண்டு சுழியும் நம்ம மூத்தவ மகன் கல்யாணத்துல பந்தி பரிமாறினது. அந்த அமெரிக்க அமைப்பே 2025-ல கடையைச் சாத்திக்கிட்டாங்க. நீ இப்பதான் போர்டு மாட்டுதே.

அவங்க கணக்குப்படி ஒரு நாளைக்கு 1,667. அது இங்கிலீஷ் படி, மாப்ளே. நம்ம படி வேற. "போய்க்கொண்டிருந்தவர்களிடமிருந்து"ன்னு நீ ஒரே வார்த்தையா எழுதுறதுக்கு அவன் அஞ்சாறு வார்த்தை எழுதணும். அவன் மரக்காலை வச்சு நீ நெல் அளந்தா, களத்துல எப்பவும் உனக்குத்தான் குறையும். உடனே உன் மூளை எங்க போகும்னும் எனக்குத் தெரியும். "போய்க் கொண்டு இருந்தவர்களிடம் இருந்து"ன்னு உடைச்சுப் போட்டா நாலு வார்த்தை ஆயிரும். ஆறாம் நாள் எழுதினதை அனுப்பியிருந்தியே, அதுல பாதி அப்படித்தான் உடைஞ்சு கிடந்துச்சு. நெல்லுல பதர் கலந்தவனைப் பாத்திருக்கேன், தன் வீட்டுக் குதிருலயே கலக்குறவனை இப்பதான் பாக்கேன்.

"ஜெயமோகன் எழுதலையா?"ன்னு நீ கேப்பே. எழுதினாரு. 2014 ஜனவரி முதல் தேதி 'வெண்முரசு' தொடங்கி, 2020 ஜூலை வரைக்கும், 26 நாவல். அவரு முதல் நாவல் 'ரப்பர்' வந்தது 1990-ல. நடுவுல இருபத்துநாலு வருஷம். அதையும் உன் அட்டவணையில ஒரு கட்டமாப் போட்டுக்கோ, மஞ்சக் கலர்ல.

உனக்கு ஒரு ஆளைக் காட்டணும்னா எங்க தபால் இலாகா ஆளைத்தான் காட்டுவேன். இங்கிலாந்துல ஆண்டனி ட்ராலப். 1834-ல குமாஸ்தாவா வேலைக்குச் சேர்ந்தாரு. தெருவுல தபால்பெட்டி நடலாம்னு ஜெர்சி தீவுக்கு யோசனை சொன்னவரும் அவருதான். வேலையில இருந்துக்கிட்டே காலையில அஞ்சரைக்கு உக்காருவாரு. கடிகாரத்தை முன்னால வச்சுக்கிட்டு, கால் மணிக்கு 250 வார்த்தை. ரயில்ல எழுதினாரு. எகிப்துக்குக் கப்பல்ல போனப்போ, நடுவுல எந்திரிச்சுப் போயி வாந்தி எடுத்துட்டு வந்தும் எழுதினாரு. மொத்தம் 47 நாவல். இந்தக் கடிகாரக் கதையெல்லாம் அவரு செத்த பிறகு 1883-ல சுயசரிதையா வந்தப்போ, இப்படியும் ஒரு எழுத்தாளனான்னு பல பேரு மூஞ்சியைச் சுளிச்சாங்களாம். எனக்கு ஆளைப் பிடிச்சிருந்துச்சு.

ஆனா அந்த 250-ஐப் பிடிச்சுக்கிட்டுத் தொங்காதே. அது அவரு கை. நீ பாக்கவேண்டியது அவரு டைரியை. வாரத்துக்கு இத்தனை பக்கம்னு வச்சுக்கிட்டாரு. சராசரி 40 பக்கம், ஆனா கை ஒழியாத காலத்துல அது 20-க்கு இறங்கியிருக்கு, ஒரு தடவை 112-க்கு ஏறியிருக்கு. அவ்வளவு பெரிய சூரனே வேலைக்குத் தக்கபடி கயித்தை இழுத்தும் தளத்தியும்தான் கட்டியிருக்காரு. எழுதாத நாளையும் மறைக்காம அதே டைரியில குறிச்சாரு.

நானும் முப்பத்தோரு வருஷம் இந்த ஊரு தபால் ஆபீஸ்ல பை கட்டினவன். நாலு மணிக்குப் பை போகணும். பொங்கல் வாழ்த்து குமிஞ்ச நாளும் நாலு மணி, ஒத்தைக் கார்டு கிடந்த நாளும் நாலு மணி. கடுதாசியே இல்லாத நாள்லயும் கட்டி, அரக்கு வச்சு அனுப்பினேன். இன்னைக்கு எத்தனை கடுதாசி வரணும்னு ஒரு நாளும் இலக்கு வச்சதில்ல.

இலக்கு வச்சே ஆகணும்னா நம்ம கிணத்தைப் பாத்து வை. ஐப்பசியில அதுல குனிஞ்சு கையால தண்ணி மொள்ளலாம். அதை நம்பி அஞ்சு ஏக்கர் மிளகாய் நட்டவன் சித்திரையில துண்டைத் தலையில போட்டுக்கிட்டு உக்காந்திருப்பான். அதனால சித்திரையில என்ன ஊறுதுன்னு பாத்துத்தான் எங்கப்பா தோட்டம் வைப்பாரு. உன் 2,300 ஐப்பசித் தண்ணி. ரெண்டு வாரம் இலக்கே வைக்காம எழுது. தலைவலி நாள், மேனேஜர் ஏசின நாள், பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட நாள் உட்பட எல்லாத்தையும் குறி. அந்த மோசமான நாள்லயும் உக்காந்தா என்ன தேறுதோ, அதுதான் உன் இலக்கு. 300-ன்னு வை. வாரத்துக்கு அஞ்சு நாள், 1,500. நாவலும் ஒரு லட்சம் வேண்டாம், 60,000 போதும். நாப்பது வாரம். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடைக்குப் பன்னெண்டு வாரம் தள்ளு. ஒரு வருஷத்துல முதல் படி முடியும். அதுல பாதியை நீயே அடிப்பே, அதுக்கு இன்னொரு ஆறு மாசம். அடுத்த புத்தகக் காட்சிக்கும் வராது. அதுக்கடுத்ததுக்கு வந்தா வரட்டும். தமிழ்நாட்டுல யாரும் உன் நாவலுக்காகச் சாப்பிடாம காத்துக் கிடக்கல.

ட்ராலப்பை எழுப்பிவிட ஒரு கிழவன் இருந்தான், குதிரைக்காரன். காலையில காப்பியோட வந்து எழுப்புறதுக்கு வருஷத்துக்கு அஞ்சு பவுன் கூடுதல் சம்பளம். தங்கம்னு நினைச்சு வாயைப் பிளக்காதே, அது அவங்க ஊரு காசு. நாளையில இருந்து காலையில அஞ்சரைக்கு உனக்கு நான் போன் அடிக்கேன். எனக்குப் பவுன் வேண்டாம். ஊருக்கு வரும்போது ஒரு கவுளி வெத்தலை வாங்கிட்டு வா. தபால்ல அனுப்பிராதே, வாடிப்போகும்.