காரியாபட்டி உள்ளே போகாது

போன வாரம் சென்னையிலிருந்து அக்கா மகன் வந்திருந்தான். வந்தவன் சாப்பிட்டோம், படுத்தோம் என்று கிடக்கவில்லை. "மாமா, டூரிஸ்ட் ஸ்பாட்லாம் வேணாம். லோக்கலா, சாதாரணமா, யாருமே கண்டுக்காத இடமா ஒண்ணு காட்டுங்க" என்றான். சுருக்கென்றது. காரியாபட்டியில் நின்றுகொண்டு யாரும் கண்டுகொள்ளாத இடத்தைக் காட்டச் சொன்னால் எந்தப் பக்கம் கை நீட்டுவது? நாலு பக்கமும் அதுதானே.

டீக்கடைக்குக் கூட்டிப்போனேன். பாய்லரைப் படம் எடுத்தான், கண்ணாடி டம்ளரை எடுத்தான், தொங்குகிற வாழைத்தாரை எடுத்தான், பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவரைக் கேட்காமலே எடுத்தான். "செம ஆத்தென்டிக் மாமா" என்றான். பெரியவர் என்னைப் பார்த்து, "என்ன, ரோட்டுக்கு மறுபடி நிலம் எடுக்காங்களா?" என்றார். அவருக்குப் பதில் சொல்லிச் சமாதானப்படுத்துவதற்குள் எனக்கு டீ ஆறிவிட்டது.

சாதாரண இடம் தேடுகிற பழக்கத்தைக் குறை சொல்லவில்லை. நமக்கெல்லாம் இருப்பதுதான். டில்லிக்குப் போனால் 'செங்கோட்டை எங்கே ஓடிப்போகப் போகிறது' என்று வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டு நட்டு போல்ட்டு விற்கிற சந்தில் அரை நாள் சுற்றுவோம். தஞ்சாவூரில் பெரிய கோயிலை வாசலோடு கும்பிட்டுவிட்டு, பூட்டு ரிப்பேர்க்காரர் எதிரில் குத்தவைத்துவிடுவோம். ஊர் திரும்பியதும், "அதெல்லாம் கூட்டம் போற எடம்" என்று உதட்டைப் பிதுக்குவதில் இருக்கிற சுகம் கோபுர தரிசனத்தில் வருமா? பாரிஸில் சாக்கடைக்கே மியூசியம் வைத்து டிக்கெட் போட்டு இறக்கிவிடுகிறார்கள். நம் கட்சி உலகம் முழுக்க இருக்கிறது.

எனக்கென்று மதுரையில் அப்படி ஓர் இடம் உண்டு. எந்த வழிகாட்டியிலும் இல்லாதது, மதுரைக்காரர்களுக்கே தெரியாதது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அதற்கு முன்னால், அக்கா மகன் மாதிரி ஆட்களுக்கு ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். ஒரு கடை சாதாரணக் கடைதானா, அல்லது சாதாரணம் மாதிரி வேஷம் போட்ட கடையா என்று பார்க்க பாய்லரைப் பார்க்கக் கூடாது. சுவரில் தொங்குகிற தினசரிக் காலண்டரைப் பார்க்க வேண்டும்.

இன்றைய தேதி கிழிக்கப்பட்டிருக்கிறதா? யார் கிழித்தது? எப்படிக் கிழித்தார்? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்தால் அந்த ஊரில் வீடு எடுத்துத் தங்கியவனுக்குக்கூடத் தெரியாதது உங்களுக்குத் தெரிந்துவிடும். மளிகைக்கடையில் முதலாளி ஷட்டரைத் தூக்கி, சாம்பிராணி காட்டி, அதன்பிறகுதான் தேதி கிழிப்பார். வேறு யாரும் தொடக்கூடாது. தொட்டுக் கிழிக்கிற இன்னொருவர் இருந்தால் அவர் அந்த வீட்டு மருமகன். மருந்துக்கடையில் நேற்றைய தாள் தொங்கினால் மாத்திரை அட்டையில் காலாவதித் தேதியை இரண்டு தடவை பாருங்கள். ஓர் அரசு அலுவலகத்தில் முந்தின வாரத்து வியாழக்கிழமை தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கணக்குப்படி நான் அன்றைக்குக் கொடுத்த மனு இன்னும் கொடுக்கப்படவே இல்லை. அவர்களும் அப்படித்தான் நடத்தினார்கள்.

கிழிக்கிற விதம் இருக்கிறதே, அது தனிச் சாஸ்திரம். அடியோடு, பிசிர் இல்லாமல் கிழிக்கிறவர் கடன் வைக்க மாட்டார், கொடுக்கவும் மாட்டார். மேலே காது மாதிரி ஒரு துண்டை விட்டுவிட்டுக் கிழித்திருந்தால் கடையில் இரண்டு பங்குதாரர்கள், இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. கிழிக்கவே மனசில்லாமல் தாளை மேலே மடக்கி ரப்பர் பேண்ட் போட்டு வைப்பவர் ஒரு ரகம்; அவரிடம் ஐம்பது ரூபாய் மிச்சம் வாங்குவதற்குள் அந்த வருஷமே மடங்கிவிடும். மெஸ்களில் கிழித்த தாள் குப்பைக்குப் போகாது. பின்பக்கம் பால் கணக்கு வரும், பில் வரும், வடை வைத்துக் கொடுப்பார்கள். சௌகார்பேட்டை அடகுக்கடை ஒன்றில் சேட் ராகு காலம் பார்த்துவிட்டுத்தான் வட்டியைச் சொன்னார். குளிகையில் வைத்த நகை திரும்பத் திரும்ப வருமாம். சலூனில் மட்டும் சனி, ஞாயிறு இரண்டும் சேர்ந்து திங்கட்கிழமை காலையில் ஒரே இழுப்பில் போகும். ஞாயிறு கூட்டத்தில் யாருக்குக் கை ஓய்கிறது?

இதையெல்லாம் நான் பெங்களூர் சிக்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடை எதிரே நின்று வீட்டுக்காரியிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். அவள் கேட்டாள்: "கீழ என்ன போட்டிருக்குன்னு பாத்தீங்களா?" குனிந்து பார்த்தேன். சிவகாசி.

இதுதான் என் பிறவித் தொல்லை. கண்காணாத ஊரின் கண்காணாத சந்தைத் தேடிப் போனால் அங்கே விருதுநகர் மாவட்டம் சுவரில் தொங்குகிறது. ஆடிப்பெருக்கு அன்றைக்கே சிவகாசியில் அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பத்தை வெளியிட்டு ஆர்டர் பிடிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். நடப்பு வருஷத்தில் இன்னும் ஐந்து மாதம் பாக்கி இருக்கும். வெளியூர்க் கடையில் பீடி பற்ற வைக்கிறவர் கையில் இருக்கிற தீப்பெட்டி சாத்தூர்ப் பக்கத்துச் சரக்கு. கல்லில் இடித்து விரல் பிய்ந்து ஆஸ்பத்திரிக்குப் போனால், கட்டுகிற துணி ராஜபாளையத்துக்குப் பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்ததாக இருக்கும். தொலைந்து போகவும் வழியில்லை. வீட்டைவிட்டு ஓடிப்போகிறவர்கள் எங்கள் மாவட்டத்தில் பிறக்கவே கூடாது.

இந்தச் சாதாரண இடம் தேடும் கட்சிக்குக் குலதெய்வம் வைப்பதானால் இரண்டு பேருக்குத்தான் வைக்க வேண்டும். சிவகாசி அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தாவுக்குப் போனார்கள். அதற்கு முந்தின டிசம்பரில்தான் விக்டோரியா மெமோரியலைத் திறந்திருந்தார்கள். புதுப் பளிங்கு, ஊரே திரண்டு போய்ப் பார்த்திருக்கும். இவர்கள் மாதக்கணக்கில் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். மானம் பார்த்துக் கிடந்த பூமியில் அதிலிருந்து தீப்பெட்டி, பட்டாசு, அச்சகம் என்று ஒவ்வொன்றாக வந்தது. என் அக்கா மகனும் பட்டறைக்குச் சமானமான ஒரு டீக்கடையில் ஒரு மணி நேரம் இருந்தான். அவன் கற்றுக்கொண்டு போனது வாழைத்தாரை எந்தக் கோணத்தில் எடுத்தால் நன்றாக விழும் என்பது.

மதுரைக்கு வருகிறேன். புது மண்டபம் தெரியுமல்லவா? மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, பதினேழாம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் கட்டியது. (நான் சொல்ல வந்த இடம் இது இல்லை, பொறுங்கள்.) பெயரில் மட்டும்தான் புது. தூணுக்குத் தூண் தையல் மிஷின் தடதடக்கும். சாமியாடிக்குக் கச்சை, பிள்ளைக்குப் பட்டுப்பாவாடை, கோயிலுக்குத் தொம்பை, பள்ளிக்கூடத்துக்குப் பாடப்புத்தகம், வீட்டுக்குப் பித்தளைச் சொம்பு. காரியாபட்டியிலிருந்து மஞ்சள் பையோடு போகிற நாங்கள் யாரும் தூணை அண்ணாந்து பார்த்ததில்லை. நாயக்க மன்னர் சிலை கைகூப்பி நிற்கும். பக்கத்திலேயே என்னை நிறுத்தி டேப் பிடிப்பார் தையல்காரர். மன்னருக்கும் எனக்கும் இடுப்பு ஒரே அளவு என்று அவர் சொன்னதை வைத்து இன்றைக்கும் வீட்டில் சமாளித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றியாயிற்று. சிற்பத்தைக் காப்பாற்ற வேண்டும், எண்ணெய்ப் பிசுக்கும் புகையும் ஆகாது, நியாயம்தான். நானும் நியாயம் என்றுதான் சொல்கிறேன், பல்லைக் கடித்துக்கொண்டு. சாதாரண ஆட்கள் சாதாரணமாகப் போய்வந்த இடத்தை ஒழுங்காகப் பார்க்க வேண்டிய இடமாக்கிவிட்டு, அப்புறம் 'சாதாரண இடம் எங்கே மாமா' என்று கேட்டால் நான் எங்கே போவேன்? விருதுநகரில் கட்டிய புதுப் பஸ் ஸ்டாண்டுக்குள் பல வருஷம் பஸ்ஸே நுழையாமல் கிடந்தது. கண்டுகொள்ளாத இடம் வேண்டுமென்றால் அப்போது வந்திருக்க வேண்டும். அமைதி என்றால் அப்படி ஓர் அமைதி.

சரி, என் மதுரை இடம். போவது சுலபம். திரும்பி வருவதில்தான் சிக்கல். பொழுது சாய்ந்து மாட்டுத்தாவணிக்கு வந்தால் தூத்துக்குடி வண்டி உறுமிக்கொண்டு நிற்கும். படியில் கால் வைப்பதற்குள், "எங்க?"

"காரியாபட்டி."

"உள்ள போகாது. எறங்குங்க."

"பைபாஸ்லயே விட்ருங்க."

"அருப்புக்கோட்டை டிக்கெட் எடுக்கணும்."

எங்கள் ஊர் முப்பது கிலோமீட்டர். அருப்புக்கோட்டை ஐம்பது. இடையில் இருக்கிற இருபது கிலோமீட்டரும் நான் போகப்போவதில்லை, ஆனால் காசு உண்டு. யாரும் கண்டுகொள்ளாத ஊர்களைத் தேடுகிறவர்கள் கேமராவைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவதைவிட அந்தக் கண்டக்டரிடம் போகலாம். மதுரையிலிருந்து தூத்துக்குடி வரைக்கும் மனப்பாடமாக வைத்திருக்கிறார். நூறு ரூபாயை நீட்டினேன். டிக்கெட்டைக் கிழித்து, பின்பக்கம் மிச்சத்தை எழுதி, "எறங்கும்போது வாங்கிக்கங்க" என்றார். பைபாஸில் இறங்கும்போது அவர் முன்வாசலில் இருந்தார், நான் பின்வாசலில். விசில் கொடுத்துவிட்டார்.