வேகமாக ஓடினால் பழையது மறையும்

கேள்வி: குற்றப் பின்னணி உள்ள ஆட்டக்காரர்களை அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் அணிகள் ஏன் வலைவீசிப் பிடிக்கின்றன?

பதில்: ஜெயித்தால் பயிற்சியாளருக்குப் போனஸ், தோற்றால் வேலை போகும். எனவே நன்னடத்தைச் சான்றிதழைவிடக் கால் வேகமே அவர் கண்ணில் படும். ஓரிடத்தில் நீக்கப்பட்டவர் ஓரிரு ஆண்டு ஜூனியர் கல்லூரியில் ஆடிவிட்டுப் பெரிய அணிக்குத் திரும்புவது வழக்கமான சுற்றுவழி. மிசிசிப்பியில் உள்ள அத்தகைய கல்லூரி ஒன்றை வைத்து 2016இல் நெட்ஃபிளிக்ஸ் ‘லாஸ்ட் சான்ஸ் யு’ என்று தொடரே எடுத்தது. பாலியல் வன்முறை, குடும்ப வன்முறைக்காக வேறு கல்லூரி வெளியேற்றியவர்களைச் சேர்க்க 2015இல் தென்கிழக்குக் கல்லூரி அணிகளின் எஸ்இசி கூட்டமைப்பு தடை போட்டது. 2017இல் இண்டியானா பல்கலைக்கழகம், பாலியல் வன்முறை வழக்கில் தண்டனை பெற்றவர்களுக்கு எல்லா விளையாட்டிலும் கதவடைத்தது. விதி இல்லாத இடங்களில் இரண்டாவது வாய்ப்பு தாராளம். நாற்பது கெஜத்தை நாலரை நொடிக்குள் கடப்பவருக்கு மூன்றாவதும் உண்டு.