முழங்கை அளவு
ஜவ்வாது மலையில் அளவை இரண்டு விதம். காவலூரில் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி. நட்சத்திரத்தையே கணக்காகப் பார்க்கும். ஏரிக்கரையில் தூண்டில்காரரின் முழங்கை. "இவ்ளோ பெரிய விரால், தம்பி!" என்று தொட்டுக் காட்டுவார். டீக்கடைக்கு வருவதற்குள் அது தோள்வரை வளர்ந்துவிடும்.

அவர் வாளியை எட்டிப் பார்த்தேன். உள்ளங்கை அகலத்தில் மூன்று ஜிலேபிக் கெண்டை, முதுகு முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு. 1952-இல் இந்தியாவுக்கு வந்த ஆப்பிரிக்க இனம். எந்தக் குட்டையில் விட்டாலும் குடும்பம் பெருக்கிவிடும்.

"விரால் எங்கண்ணே?"

"அது போன வாரம் தம்பி. போட்டோ எடுக்கறதுக்குள்ள குழம்பாயிடுச்சு."