வைஃபை சில்லுக் கம்பெனியார் சமூகத்துக்கு ஒரு விண்ணப்பம்

மகா கனம் பொருந்திய ஐயன்மீர்,

தங்கள் கம்பெனியார் வார்த்தளித்த வைஃபை சில்லானது, அடியேன் ரொக்கம் கொடுத்து வாங்கிய லேப்டாப்பின் அடிவயிற்றில், 22 மில்லிமீட்டர் அகலமும் 30 மில்லிமீட்டர் நீளமும் உள்ள ஒரு சிறு பலகையின்மேல் சுகமாக வீற்றிருக்கிறது என்பதையும், விண்டோஸ் குடியிருந்த காலமெல்லாம் ஓயாமல் உழைத்த அது, லினக்ஸ் குடியேறிய க்ஷணம் முதல் மௌன விரதம் பூண்டுவிட்டது என்பதையும், தங்கள் மேலான சமூகத்துக்குத் தெரிவித்துக்கொள்கிறேன்.

சில்லுக்கு உயிர் இருக்கிறது, அதில் சந்தேகமில்லை. எல்எஸ்பிசிஐ என்ற கட்டளையை, எண்ணையும் சேர்த்துக் காட்டுமாறு இட்டால், தங்கள் கம்பெனியின் திருநாமத்தோடும், நான்கு எழுத்து, ஒரு முக்காற்புள்ளி, பின்னும் நான்கு எழுத்து என்று அமைந்த தன் ஜாதக எண்ணோடும் அது ஆஜர் கொடுக்கிறது. ஆனால் லினக்ஸின் மையமாகிய கர்னல் தன் பாட்டுக்கு எழுதிவைக்கும் தினசரிக் குறிப்பைப் புரட்டிப் பார்த்தாலோ, சில்லுக்குள் ஏற்ற வேண்டிய, இன்ன பெயருள்ள ஃபர்ம்வேர் கோப்பைத் தேடியதாகவும், அது அகப்படவில்லை என்றும், பிழை எண் மைனஸ் 2 என்றும், ஒரு பழைய கணக்குப்பிள்ளையின் நிர்விசாரத்தோடு பதிவாகியிருக்கிறது. அந்தக் கோப்பு இணையத்தில் இருக்கிறது; இணையத்துக்குப் போக வைஃபை வேண்டும்; வைஃபைக்கு அந்தக் கோப்பு வேண்டும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்று நம் முன்னோர் சொல்லிவைத்தது வீண் போகவில்லை. கம்பி வழியே போகலாம் என்றால், லேப்டாப்பை மெலியச் செய்ய வேண்டும் என்ற வைராக்கியத்தில் லேன் கம்பியைச் செருகும் துவாரத்தையே எடுத்துவிட்டார்கள்.

ஆபத்பாந்தவனாக வந்தது ஆண்ட்ராய்டு கைபேசி. அதை யுஎஸ்பி கம்பியால் லேப்டாப்போடு பிணைத்து, அதன் இணையத்தை இரவல் வாங்கினேன். அந்தக் கைபேசியின் அடியில் ஓடுவதும் அதே லினக்ஸ் கர்னல்தான் என்பது தாங்கள் அறியாததன்று. கைபேசி கோடிக்கணக்கில் விற்பனையாவதால், அதற்கு மாத்திரம் சில்லுக் கம்பெனிகள் சில, சில்லை இயக்கும் லினக்ஸ் டிரைவரைச் சிரத்தையோடு எழுதிக் கொடுக்கின்றன. லேப்டாப்பில் லினக்ஸ் என்றதும் அந்தப் பாஷையே மறந்துபோகிறது.

கோப்பு வந்தது, ஆனால் கர்னலோடு வந்த டிரைவர் சில்லோடு ஒத்துப்போகவில்லை. முகம் தெரியாத ஒரு புண்ணியவான் எழுதிவைத்த வேறொரு டிரைவர் நிரலை என் இயந்திரத்திலேயே தொகுத்து முடித்தால், இதில் அங்கீகரிக்கப்பட்ட கையொப்பம் இல்லை என்று செக்யூர் பூட் என்னும் காவல் ஏற்பாடு வாசலிலேயே மறித்தது. மறுதொடக்கத்தின்போது தோன்றிய நீலத்திரையில் கடவுச்சொல்லைச் சமர்ப்பித்து அதையும் சமாதானம் செய்தாயிற்று. இனிக் கர்னல் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் அந்த நிரலும் மறுபடி தொகுக்கப்பட வேண்டும்.

இடையில் தங்கள் உதவிப் பிரிவுக்கும் எழுதினேன். அங்குள்ள விண்ணப்பப் படிவத்தில், தங்கள் விண்டோஸ் பதிப்பு யாது என்ற கட்டாயக் கேள்வியும், அதற்கு 10, 11 என்ற இரண்டே விடைகளும் இருந்தன. வேறு வழியின்றி 11 என்று தொட்டுவிட்டு, கீழே லினக்ஸின் கதையை விஸ்தாரமாக எழுதினேன். விண்டோஸ் 11-ஐ மறுபடி நிறுவிப் பாருங்கள் என்று வெகு மரியாதையாகப் பதில் வந்தது.

ஐயன்மீர், நாங்கள் டிரைவரை யாசிக்கவில்லை. சில்லின் எந்தப் பதிவகத்தில் எதை எழுதினால் அது என்ன செய்யும் என்ற விவரக் குறிப்பைத்தான் கேட்கிறோம். 2007-இல், கர்னல் பணியில் முன்னணியிலிருந்த கிரெக் குரோவா-ஹார்ட்மன், எந்தக் கம்பெனியானாலும் விவரத்தைக் கொடுத்தால் போதும், லினக்ஸ் டிரைவரைக் காசு வாங்காமல் எழுதித் தருகிறோம், ரகசிய ஒப்பந்தம் வேண்டுமானால் அதற்கும் வழி செய்கிறோம் என்று பகிரங்கமாகவே அறிவித்தார். கூலியில்லாமல் வேலை செய்ய ஆள் வந்து வாசலில் நின்றும் கதவைத் திறக்காத முதலாளியை நான் வேறு எந்தத் தொழிலிலும் கண்டதில்லை. வீணையை விலைக்கு விற்றுவிட்டு, எந்த மெட்டில் எந்த ஸ்வரம் பேசும் என்பது மாத்திரம் எங்கள் வியாபார ரகசியம் என்று சொல்வதற்கு ஒப்பான காரியம் இது.

ரகசியம் காப்பாற்றப்பட்டதா என்றால் அதுவுமில்லை. பிராட்காம் சில்லுகளின் விவரம் கிடைக்காத நாளில், ஒரு குழுவினர் அக்கம்பெனியின் டிரைவரை ஆராய்ந்து சில்லின் நடத்தையைக் குறிப்பாக எழுதிக் கொடுக்க, அந்த டிரைவரை ஏறெடுத்தும் பாராத மற்றொரு குழுவினர் அக்குறிப்பை மாத்திரம் வைத்துக்கொண்டு லினக்ஸ் டிரைவரை எழுதி முடித்தார்கள். 2010-இல் பிராட்காமே தன் புதிய சில்லுகள் சிலவற்றுக்குத் திறந்த டிரைவரை வெளியிட்டது. கம்பெனி மூழ்கிவிடவில்லை.

அலைவரிசைச் சட்டம் இருக்கிறது, அலைபரப்பும் சக்தியைக் கண்டவர் கையில் கொடுக்க முடியாது என்று தாங்கள் சொல்லக்கூடும். அதில் நியாயம் உண்டு. ஃபர்ம்வேரைப் பூட்டியே வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பிரதி செய்து விநியோகிக்க அனுமதி தந்தால் போதும். கொள்கைப் பிடிவாதத்துக்குப் பேர்போன, டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பை வெளியிடுவோரே 2022-இல் வாக்கெடுத்து, மூடிய ஃபர்ம்வேரையும் தங்கள் நிறுவு தட்டில் சேர்க்க இசைந்து, 2023-இல் வெளியான 12-ஆம் பதிப்பில் அப்படியே செய்தும்விட்டார்கள். விட்டுக்கொடுக்க வேண்டியவர்கள் விட்டுக்கொடுத்தாயிற்று.

இதுவும் இயலாதெனில், அற்பமான ஒரு வரத்தையாவது அருள வேண்டும். ஒரே பெயர், ஒரே மாடல் எண் என்று விற்கும் சாமானின் உள்ளே, இந்த வருஷம் ஒரு சில்லும் அடுத்த வருஷம் வேறொரு சில்லும் சத்தமில்லாமல் மாறிவிடுகின்றன. அந்த எட்டெழுத்து ஜாதக எண்ணை அட்டைப்பெட்டியின்மேல் அச்சிட்டுவிட்டால், வாங்குமுன்பே பொருத்தம் பார்த்துக்கொள்வோம். இடமில்லை என்று சொல்லாதிருக்க வேண்டுகிறேன். லேப்டாப்பைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும் அந்த யுவதியின் படத்தைச் சற்றே சுருக்கினால் தாராளமாக இடம் கிடைக்கும்.

இங்ஙனம்,
தங்கள் சில்லுக்கு விலை கொடுத்தவன்