நாற்காலிக்குப் பொருந்தாதவர்

கேள்வி: திறமையில்லாத மேலாளரை எப்படி அடையாளம் காண்பது?

பதில்: கூட்டத்தில் உட்கார்ந்து பார்த்தாலே போதும். நார்த்கோட் பார்க்கின்சன் 1957-ல் எழுதிய நூலில் ஒரு கற்பனைக் கமிட்டி வருகிறது. ஒரு கோடி டாலர் அணு உலைக்கு இரண்டரை நிமிடத்தில் ஒப்புதல். சைக்கிள் கொட்டகைக்கு முக்கால் மணி நேர வாக்குவாதம். உலை பெரும்பாலோருக்குப் புரியாது, கொட்டகை எல்லோருக்கும் புரியும்! திறமையில்லாத மேலாளரும் இப்படித்தான், சின்ன விஷயத்திலேயே நேரத்தைக் கரைப்பார்.

அடுத்தது மின்னஞ்சல். இரண்டு வரிக் கடிதத்தில் காற்புள்ளியை மாற்றச் சொல்லித் திருப்பி அனுப்புவார். மாற்றிக் கொடுத்தால், பழையதே தேவலை என்பார். பொறுப்பைக் கீழே தள்ளுவார், அதிகாரத்தை விடமாட்டார். வேலை முடிந்தால் ‘நான்’, கெட்டால் ‘அவர்கள்’. கெட்ட செய்தி சொன்னவர் மீது எரிந்து விழுவதால், பிறகு கெட்ட செய்தியே வராது. அதையும் நல்ல நிர்வாகம் என்று கணக்கில் எழுதிக்கொள்வார்.

இவர் மேலே வந்தது எப்படி? பெரும்பாலும் முந்தைய வேலையில் கெட்டிக்காரராக இருந்ததால்தான். ஒருவர் தமக்கு இயலாத பதவியை எட்டும்வரை உயர்த்தப்படுகிறார் என்று லாரன்ஸ் பீட்டரும் ரேமண்ட் ஹல்லும் 1969-ல் கிண்டலாக எழுதினார்கள். கிண்டல் பலித்தது. 131 அமெரிக்க நிறுவனங்களின் விற்பனைப் பணியாளர்களைப் பற்றி 2019-ல் வெளியான ஆய்வின்படி, அதிகம் விற்றவர்களுக்கே பதவி உயர்வு அதிகம் கிடைத்தது. ஆனால் அவர்களின் கீழிருந்தவர்களின் விற்பனை ஒப்பீட்டளவில் குறைந்தது. சில மென்பொருள் நிறுவனங்கள், மேலாளர் ஆகாமலே சம்பளம் உயரத் தனி ஏணி வைத்திருப்பது இதனால்தான்.