அரை மில்லிமீட்டர்

கேள்வி: நல்ல விலை கொடுத்து வாங்கிய துப்பாக்கியின் பிடியை, வீரர்கள் அரம் வைத்து ராவிக்கொண்டே இருக்கிறார்களே, ஏன்?

பதில்: செருப்பு கடித்தால் நடை கெடும்; பிடி கடித்தால் குறி கெடும். 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் பத்துக்கான புள்ளியின் விட்டம் 0.5 மில்லிமீட்டர். கடுகே அதற்குப் பெரிசு! பாய்கிற குண்டு 4.5 மில்லிமீட்டர். ஏர் பிஸ்டலோ ஒற்றைக் கை விளையாட்டு. நீட்டிய கைக்கு வேறு முட்டுக்கொடுக்கக் கூடாது. அதனால்தான் மரப்பிடியை உள்ளங்கையின் மேடுபள்ளத்துக்கு ஏற்ப ராவி, இடைவெளி தெரிகிற இடத்தில் மக்கு அப்பி, காய்ந்ததும் மறுபடி ராவுகிறார்கள். தச்சருக்குரிய பொறுமை வேண்டும். விசையை மட்டும் இஷ்டத்துக்கு இளக்க முடியாது. 500 கிராம் எடையையாவது அது தாங்க வேண்டும். எடையைத் தொங்கவிட்டே சோதிப்பார்கள்.

2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்திய வீராங்கனை மனு பாக்கரின் பிஸ்டல் பாதியில் பழுதானபோது எனக்குத் தொண்டை அடைத்தது. 2024-இல் பாரிஸில் அதே பெண் இரண்டு வெண்கலம் வென்றார். எங்கள் வீட்டில் அன்று பாயசம்.